தென்கொரிய ஆயுதங்கள் தரமானவையா, வெறும் மலிவானவையா?

கேள்வி கேட்டவர் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். போலந்து தென்கொரியாவிடம் நூற்றுக்கணக்கில் டாங்கிகளையும் பீரங்கிகளையும் வாங்குகிறது. இந்திய இராணுவமும் கே-9 வஜ்ரா என்ற பெயரில் அதே நாட்டுப் பீரங்கியை வைத்திருக்கிறது. "காரும் டி.வி.யும் விற்ற நாடு ஆயுதச் சந்தையில் இவ்வளவு சீக்கிரம் மேலே வந்தது எப்படி? இவை உண்மையிலேயே தரமான ஆயுதங்களா, ஜெர்மன், அமெரிக்கச் சரக்கு கிடைக்காதவர்கள் வாங்கும் மலிவுச் சரக்கா?" என்பது அவர் கேட்டது. இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஓர் ஆயுதம் ஏன் விற்கிறது என்பது ஒன்று. அது களத்தில் எப்படி வேலை செய்யும் என்பது மற்றொன்று. இவற்றுக்கு ஒரே பதில் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை இந்தியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1986-ல் போட்ட போஃபர்ஸ் பீரங்கிப் பேரம் ஓர் ஆட்சியையே ஆட்டிவைத்தது; அதே பீரங்கி 1999-ல் கார்கில் முகடுகளில் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்தது.

நான் இயந்திரப் பொறியியல் படித்து, இராணுவ ஊர்திகள், பீரங்கிப் பாகங்கள் ஆகியவற்றின் தர ஆய்வில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொரியப் பீரங்கியை இயக்கியவன் அல்லன். எந்த நாட்டின் இரகசியச் சோதனை அறிக்கையும் என் கையில் இல்லை. பொதுவெளியில் உறுதியானவற்றையும், ஆய்வு மேசையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்குத் தெரிபவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், தரம் என்று எதைச் சொல்கிறோம்? விளம்பரத் தாளில் உள்ள வீச்சு, வேகம், கவசத் தடிமன் ஆகியவற்றைத்தான் பலர் தரம் என்று நினைக்கிறார்கள். தர ஆய்வாளன் அதைக் கடைசியில்தான் பார்ப்பான். முதல் பீரங்கியும் நூறாவது பீரங்கியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா, ஒரு பாகத்தைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டினால் அரம் போடாமல் பொருந்துகிறதா, உருக்கு வார்க்கப்பட்ட தொகுதி எண்ணிலிருந்து வெப்பப் பதம் செய்த நாள் வரை காகிதத்தில் பின்னோக்கிப் போக முடிகிறதா என்பவைதான் அவனுடைய கேள்விகள். ஒரு குழலை ஆய்வுக்கு எடுத்தால், உட்புறம் பார்க்கும் கருவியைச் செலுத்தி, குண்டு அமரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தைத்தான் முதலில் தேடுவோம். ஒவ்வொரு சூட்டிலும் கொதிக்கும் வாயு அரிப்பது அந்த இடத்தைத்தான். அங்கே தேய்மானம் எவ்வளவு, எத்தனை சூட்டுக்குப் பிறகு அவ்வளவு என்ற இரண்டு எண்கள், பளபளக்கும் விளம்பரப் படங்கள் சொல்லாததைச் சொல்லிவிடும். அதற்கும் மேல், இருபது வருடம் கழித்து உதிரிபாகம் கிடைக்குமா என்ற கேள்வி இருக்கிறது. ஓர் ஆயுதத்தின் ஆயுட்காலச் செலவில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தென்கொரியாவின் எழுச்சி திடீரென்று நடந்ததுபோல் தோன்றுவது, நாம் கடைசிச் சில ஆண்டுகளை மட்டும் பார்ப்பதால்தான். 1969-ல் அமெரிக்க அதிபர் நிக்சன், ஆசிய நட்பு நாடுகள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். 1971-ல் அமெரிக்காவின் 7-ஆவது காலாட்படை டிவிஷன் கொரியாவிலிருந்து வெளியேறியது. வடக்கே எதிரி, தலைக்கு மேலிருந்த குடை பாதி மடங்கிவிட்டது. அதிபர் பார்க் சுங்-ஹீ 1970-ல் பாதுகாப்பு மேம்பாட்டு முகமையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு இறுதியில் 'மின்னல்' என்று பெயரிட்ட திட்டத்தின் கீழ், கார்பைன் துப்பாக்கி, சிறு மோர்ட்டார் போன்றவற்றைப் பிரித்துப் பார்த்து, அளந்து, சில வாரங்களில் மாதிரிகளைச் செய்யும்படி உத்தரவிடப்பட்டது. அப்படி அவசரத்தில் செய்த பொருளின் தரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அளவெடுத்தல், உலோகத்தை இனம் காணல், அளவு சரிபார்க்கும் கேஜ் கருவிகளைச் செய்தல் ஆகிய பயிற்சிகளை அந்த அவசரம்தான் கொடுத்தது.

அதன்பின் கனரகத் தொழிலில் அரசு பணத்தைக் கொட்டியது. சாங்வோன் நகரில் இயந்திரத் தொழிற்பேட்டை எழுந்தது. 1975 முதல் மக்களிடம் பாதுகாப்பு வரியே தனியாக வசூலிக்கப்பட்டது. அதே 1975-ல் பிலிப்பைன்ஸுக்குத் துப்பாக்கித் தோட்டா விற்றதுதான் முதல் ஏற்றுமதி என்று குறிப்பிடுவார்கள். மதிப்பு 5 இலட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. எம்-16 துப்பாக்கி, எம்-109 பீரங்கி என்று அமெரிக்க உரிமத்தின் பேரில் பலவற்றைச் செய்தார்கள். உரிமத்தில் ஒரு சிக்கல் உண்டு: செய்துகொள்ளலாம், மூன்றாம் நாட்டுக்கு விற்க வேண்டுமென்றால் உரிமம் கொடுத்தவரின் அனுமதி வேண்டும். சொந்த வடிவமைப்பை நோக்கி அவர்கள் நகர்ந்ததற்கு வடகொரியா எவ்வளவு காரணமோ, இந்த அனுமதிச் சீட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு காரணம் என்பது என் கணிப்பு.

கே-9 அந்த நகர்வின் விளைவு. 1989-ல் வேலை தொடங்கி, 1999-ல் படையில் சேர்ந்தது. 155 மி.மீ. விட்டம், அந்த விட்டத்தைப்போல் 52 மடங்கு நீளமுள்ள குழல், சுமார் 47 டன் எடை, 5 பேர் கொண்ட குழு, ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனம் வடிவமைத்த 1,000 குதிரைத்திறன் எஞ்சின். அடிப்பகுதியில் வாயு கசியும் வகைக் குண்டைப் போட்டால் 40 கிலோமீட்டர் வரை எட்டும். முதல் 15 விநாடிக்குள் 3 குண்டு சுடும். இந்த எண்கள் எல்லாம் நல்லவைதான், அபூர்வமானவை அல்ல. ஜெர்மனியின் பான்சர்ஹாபிட்ச 2000 பீரங்கி சுடும் வேகத்திலும் குண்டேற்றும் தானியங்கி அமைப்பிலும் இதைவிட ஒரு படி மேல் என்பதைக் கொரியர்களே மறுக்க மாட்டார்கள். கே-9 எங்கே வேறுபடுகிறது என்றால், அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் ஒரே இராணுவத்துக்காகத் தொடர்ந்து செய்யப்பட்ட பொருள். கட்டாயச் சேவைக்கு வரும் இருபது வயது இளைஞர்கள், ஒன்றரை வருடத்தில் கற்று, இயக்கி, விட்டுப் போக வேண்டிய இயந்திரம். அவர்கள் கையில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம், பராமரிப்பை எளிமையாக்கும் திசையில் வடிவமைப்பாளரைத் தள்ளும். குண்டுகளை மூடிய கவசத்துக்குள்ளேயே கன்வேயர் வழியாக மாற்றிக்கொடுக்கும் கே-10 என்ற துணை வண்டியும் இதோடு சேர்ந்து வருகிறது. வாங்கும் நாடுகள் விரும்பும் அம்சம் அது.

2016-ன் தொடக்கத்தில் நார்வே தன் பனிக்காலத்தில் ஜெர்மன் பீரங்கி, மேம்படுத்தப்பட்ட எம்-109, பிரான்சின் சீசர் ஆகியவற்றோடு கே-9-ஐயும் நிறுத்திச் சோதித்தது; 2017-ல் 24 கே-9-களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதே ஆண்டு ஃபின்லாந்து, கொரிய இராணுவம் பயன்படுத்திய 48 பழைய பீரங்கிகளைச் சுமார் 14.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. என் பார்வையில் இந்த இரண்டாவது செய்திக்குத்தான் எடை அதிகம். புதிய பொருளைப் பளபளப்பைப் பார்த்தும் வாங்கலாம். ஓடித் தேய்ந்த பொருளை வாங்குபவர் பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். எஸ்டோனியா, ஆஸ்திரேலியா, எகிப்து, ருமேனியா என்று பட்டியல் பிறகு நீண்டது. துருக்கி 2001-லேயே இதன் தொழில்நுட்பத்தை வாங்கி ஃபிர்த்தினா என்ற பெயரில் செய்யத் தொடங்கிவிட்டது.

போர்க்களச் சான்றுக்கு வந்தால் பேச்சைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2010 நவம்பர் 23 அன்று வடகொரியா யோன்பியோங் தீவின்மீது குண்டு பொழிந்தது. தீவில் கடற்படைக் காலாட்படையின் 6 கே-9-கள் இருந்தன. அன்று காலை நடந்த பயிற்சியில் ஒன்றின் குழலில் குண்டு சிக்கிக்கொண்டிருந்தது. எதிரி குண்டு அருகில் விழுந்து வேறு இரண்டின் சுடு கட்டுப்பாட்டுக் கருவிகள் பழுதாயின. ஆக, முதலில் திருப்பிச் சுட்டவை 3 மட்டுமே. முதல் பதில் குண்டு போவதற்கு 13 நிமிடம் ஆனது. எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்று காட்ட வேண்டிய ரேடார் முதல் தாக்குதலில் சரியாக வேலை செய்யவில்லை. எனவே முன்பே குறித்து வைத்திருந்த இலக்குகளை நோக்கித்தான் சுட்டார்கள். மொத்தம் 80 குண்டுகள். அவற்றில் பல வயல்வெளியில் விழுந்திருந்ததைப் பின்னர் வெளியான செயற்கைக்கோள் படங்கள் காட்டின. தென்கொரியத் தரப்பில் இரு வீரர்களும் இரு பொதுமக்களும் இறந்தார்கள்.

இதை வைத்துக் கே-9 தோற்றது என்று எழுதியவர்களும் உண்டு, தீக்குள் நின்று சுட்டது என்று புகழ்ந்தவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் சேர மாட்டேன். ரேடார் பழுது பீரங்கியின் குறை ஆகாது; குழலில் சிக்கிய குண்டு வெடிமருந்துத் தரப்பின் குறையாகவும் இருக்கலாம். ஆனால் அருகில் விழுந்த குண்டால் மின்னணுக் கருவி செயலிழந்தது பீரங்கியின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். குண்டு விழுந்த ஊரில் நின்றபடி சில நிமிடங்களில் ஒன்றைச் சரிசெய்து மறுபடி சுடவைத்தார்கள் என்பதும் அதே கணக்கின் வரவுப் பக்கத்தில் வரும்.

2017 ஆகஸ்ட் 18 அன்று சியோர்வோனில் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. பயிற்சிச் சூட்டின்போது ஒரு கே-9-இன் கோபுரத்துக்குள், அதாவது குழல் பொருந்திய சுழலும் மேல்பகுதிக்குள், தீப்பற்றி 3 வீரர்கள் இறந்தார்கள், 4 பேர் காயமடைந்தார்கள். சுடும் பொத்தானை யாரும் அழுத்தாமலே, குழலின் பின்கதவு முழுதாக மூடுவதற்குள் உந்துமருந்து பற்றிக்கொண்டது என்று கூட்டு விசாரணை கூறியது. பின்கதவு முழுதாக மூடாமல் எரியூட்டி வேலை செய்யவே கூடாது. அதற்காகத்தான் ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தடுப்புகளை வைக்கிறோம். அந்தத் தடுப்புகளைத் தாண்டி ஒரு தீப்பொறி போனதென்றால், அது ஒரு பாகத்தின் தேய்மானத்தோடு முடிகிற விஷயமாக இருக்காது; பராமரிப்பு இடைவெளி, உதிரிபாகம் மாற்றும் ஒழுங்கு, வடிவமைப்பு மூன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். இத்தனை நாடுகளுக்கு விற்ற பிறகும் இந்த விபத்தைப் பற்றிய கேள்வியை வாங்குபவர் கேட்கத்தான் வேண்டும்.

கே-9 கொரியத் தொழிலின் நல்ல முகம். கெட்ட முகத்தையும் பார்த்தால்தான் படம் முழுமையாகும். கே-21 என்ற காலாட்படைச் சண்டை ஊர்தி, நீரில் மிதந்து ஆற்றைக் கடக்கும் என்று சொல்லி வந்தது. 2009-லும் 2010-லும் மூழ்கியது, இரண்டாவது முறை ஒருவர் இறந்தார். முன்பக்க மிதப்பு போதாது, அலைத் தடுப்புத் தகடு சரியில்லை என்பதெல்லாம் அதன்பின்தான் ஒப்புக்கொள்ளப்பட்டுத் திருத்தப்பட்டது. கே-11 என்ற இரட்டைக் குழல் துப்பாக்கி, வானில் வெடிக்கும் சிறு குண்டோடு உலகிலேயே முதல் என்று கொண்டாடப்பட்டு, வெடி விபத்துகளும் விரிசல்களுமாகத் தள்ளாடி, 2019 டிசம்பரில் கைவிடப்பட்டது. 2014-ல் செவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியபோது, புத்தம் புதிய மீட்புக் கப்பலான தோங்யோங்கை அனுப்ப முடியவில்லை. அதில் பொருத்தியிருந்த சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி), 410 கோடி வோன் (கொரிய நாணயம்) விலைக்கு வாங்கப்பட்டது. உண்மையில் அது மீன்பிடிப் படகில் மீன் கூட்டம் தேடும் தரத்திலான, சுமார் 20 கோடி வோன் பெறும் கருவி. ஆய்வு செய்பவனுக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். பொருளைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் கிடைக்காது.

2018 ஜூலையில் போஹாங்கில் கடற்படைக் காலாட்படையின் மரினியன் ஹெலிகாப்டர் விழுந்து 5 பேர் இறந்ததும் இதே வகையில் பாடம். சுழலியைத் தாங்கும் தண்டு உடைந்திருந்தது. அந்தத் தண்டு கொரியாவில் செய்யப்பட்டதல்ல. ஐரோப்பிய சப்ளையரிடமிருந்து வந்தது. வெப்பப் பதம் செய்யும்போது நீரில் குளிர்விக்க வேண்டியதைக் காற்றில் குளிர்வித்ததால் உள்ளே விரிசல் விழுந்தது என்று விசாரணை கண்டது. பொருளின் மேல் எந்த நாட்டுப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துத் தரத்தைத் தீர்மானிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐரோப்பிய உருக்கிலும் தப்பு நடக்கும். அதைப் பிடிக்க வேண்டிய இடம், வாங்கிப் பொருத்துகிறவரின் வரவேற்பு ஆய்வு மேசை.

இப்படியெல்லாம் குறை இருந்தும் ஏன் வாங்குகிறார்கள் என்றால், பதில் போலந்தில் இருக்கிறது. உக்ரைன் போர் தொடங்கியதும் போலந்து தன் பழைய சோவியத் டாங்கிகளையும், சொந்தக் கிராப் பீரங்கிகளில் பலவற்றையும் உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டது. கொட்டடி காலி; பக்கத்தில் போர். 2022 ஜூலையில் 980 கே-2 டாங்கிகள், 672 கே-9-கள், 48 எஃப்.ஏ-50 விமானங்கள் என்று கட்டமைப்பு ஒப்பந்தம் போட்டது. அவற்றில் 180 டாங்கிகளுக்கும் 212 பீரங்கிகளுக்கும் ஆகஸ்ட் இறுதியில் உறுதி ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 6 அன்று 10 டாங்கிகளும் 24 பீரங்கிகளும் கிதீனியா துறைமுகத்தில் இறங்கிவிட்டன. கையெழுத்துக்கும் கப்பலுக்கும் இடையே நான்கு மாதம்கூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, ஹங்கேரி 2018 டிசம்பரில் கேட்ட புதிய ஜெர்மன் லெப்பர்ட் டாங்கிகள் 2023-ல்தான் வரத் தொடங்கின.

இந்த வேகத்தில் மாயம் ஒன்றுமில்லை. கொரிய இராணுவத்துக்கென்று ஓடிக்கொண்டிருந்த உற்பத்தி வரிசையிலிருந்து, தங்களுக்கு வர வேண்டியதையே போலந்துக்குத் திருப்பிவிட்டார்கள். பனிப்போர் முடிந்ததும் ஐரோப்பா தன் உற்பத்தி வரிசைகளைச் சுருக்கி, வருடத்துக்குச் சில டஜன் என்ற கைவினைத் தொழிலாக மாற்றிக்கொண்டது. கொரியாவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் வடகொரியப் பீரங்கிகள் சியோலை நோக்கி நிற்கும்வரை வரிசையை அணைக்க முடியாது. அணையாத வரிசையில் தொழிலாளியின் கை பழகியிருக்கும், சிறு சப்ளையர்கள் உயிரோடு இருப்பார்கள், குறைகள் தொகுதிக்குத் தொகுதி களையப்படும். விலை குறைவதும் தரம் சீராவதும் இந்த ஒரே ஊற்றிலிருந்து வருபவை. எனவே "மலிவா, தரமா" என்று எதிரெதிராக நிறுத்துவது இங்கே சரிவராது. 2021-ல் சுமார் 7 பில்லியன் டாலராக இருந்த கொரிய ஆயுத ஏற்றுமதி ஒப்பந்தங்கள் 2022-ல் 17 பில்லியனைத் தாண்டியதற்குப் பெரும்பங்கு போலந்துதான். 2023-லும் 2024-லும் அந்தத் தொகை இறங்கியது. ஒரே வாடிக்கையாளரை நம்பிய உயர்வு என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. உலக ஆயுத ஏற்றுமதியில் 2020-24 காலத்தில் கொரியாவின் பங்கு, ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2.2 சதவீதம், இடம் பத்தாவது. செய்திகள் எழுப்பும் சத்தத்துக்கு இந்த எண் சிறியது.

மலிவு என்பதும் நிலையானதல்ல. முதல் 180 கே-2 டாங்கிகளின் விலை சுமார் 3.4 பில்லியன் டாலர். 2025 ஆகஸ்டில் கையெழுத்தான இரண்டாவது 180-இன் விலை சுமார் 6.5 பில்லியன். இரண்டாவதில் போலந்துக்கென மாற்றிய வடிவம், துணை ஊர்திகள், போலந்திலேயே 61 டாங்கிகளைச் செய்யும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்திருக்கின்றன என்பதால் நேராக வகுத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் விற்பனையில் கடன் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். போலந்துக்கு மேலும் கடன் கொடுக்கச் சட்ட வரம்பு இடம் தராததால், 2024-ல் கொரிய ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் மூலதன வரம்பை 15 டிரில்லியன் வோனிலிருந்து 25 டிரில்லியனாக நாடாளுமன்றமே உயர்த்தியது. பொருளோடு தவணைத் திட்டத்தையும் சேர்த்து விற்கிறார்கள்.

தொழில்நுட்ப ரீதியில் இந்தத் தொழிலின் பலவீனமான இடம் எது என்று என்னைக் கேட்டால், கோபுரத்தையும் குழலையும் விட்டுவிட்டு எஞ்சின் அறையைக் காட்டுவேன். கே-2 டாங்கிக்கு எஞ்சினும் கியர் பெட்டியும் உள்நாட்டிலேயே செய்வது என்று தொடங்கினார்கள். வரவில்லை. முதல் 100 டாங்கிகளுக்கு ஜெர்மன் எஞ்சினையும் ஜெர்மன் கியர் பெட்டியையும் வாங்கிப் போட்டார்கள். இரண்டாம் தொகுதிக்குக் கொரிய எஞ்சின் தேறியது. கொரியக் கியர் பெட்டி 9,600 கிலோமீட்டர் தாக்குப்பிடிக்க வேண்டிய சோதனையில் தேறவில்லை. எனவே கொரிய எஞ்சின், ஜெர்மன் கியர் பெட்டி என்ற கலவை. 1,500 குதிரைத்திறனை வாங்கி, 55 டன் இரும்பை நின்ற இடத்திலேயே திருப்பி, அதே பெட்டிக்குள் பிரேக்கையும் பிடிக்க வேண்டிய பாகம் அது. உலகத்தில் அதை நன்றாகச் செய்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். வேடிக்கை என்னவென்றால், கே-2-வின் தொழில்நுட்பத்தைத் தழுவிய துருக்கியின் அல்தாய் டாங்கிக்கு ஜெர்மனி எஞ்சின் தர மறுத்தபோது, துருக்கி வாங்க வந்தது கொரிய எஞ்சினையும், சொந்த நாட்டுச் சோதனையில் தேறாத அதே குடும்பத்துக் கியர் பெட்டியையும்தான். கொரியத் தரக்கட்டுப்பாடு அளவுக்கு மீறிக் கடுமையானதா, துருக்கி அளவுக்கு மீறி அவசரப்பட்டதா என்பதை அல்தாய் சில வருடம் ஓடிய பிறகு பார்க்கலாம்.

இந்தக் குறையைக் கொரியாவுக்கு மட்டும் உரியதாக நினைக்க வேண்டாம். சென்னைக்கு அருகே ஆவடியில் வடிவமைத்துத் தயாரிக்கப்பட்ட அர்ஜுன் டாங்கிக்குள்ளும் எம்.டி.யு. எஞ்சினும் ஜெர்மன் ரெங்க் கியர் பெட்டியும்தான் இருக்கின்றன. கவசமும் பீரங்கியும் நம்முடையவையாக இருந்தும், எஞ்சின் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டிய நிலையை ஆவடி வட்டாரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். விற்பனையாளராக இருக்கும்போது இது இன்னும் கூர்மையாகும். கொரியாவின் டி-50 விமானத்தில் அமெரிக்க எஞ்சின் இருப்பதால் உஸ்பெகிஸ்தானுக்கு விற்பதை 2015-ல் அமெரிக்கா அனுமதிக்கவில்லை. எஃப்.ஏ-50-இல் பிரிட்டிஷ் பாகங்கள் இருப்பதால் அர்ஜென்டினாவுக்கு விற்க முடியாது என்று 2020-ல் கொரியத் தரப்பே எழுதிக் கொடுத்தது. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர் முடிந்து 38 வருடம் ஆகியிருந்தது. கே-9-க்கு இப்போது உள்நாட்டு எஞ்சின் ஒன்றை உருவாக்கியிருப்பதன் பின்னணியும் இதுதான்.

சரி, எது உறுதி, எது சந்தேகம்? கே-9-இன் அடிச்சட்டமும் ஓட்ட அமைப்பும் நம்பகமானவை என்பது உறுதிக்கு மிக அருகில் இருக்கிறது. போலந்தின் கிராப் பீரங்கிக்கு முதலில் செய்த உள்நாட்டு அடிச்சட்டம் விரிசல் விட்டதால் 2014-ல் கே-9 அடிச்சட்டத்துக்கு மாறினார்கள். அந்தக் கிராப்கள்தான் உக்ரைனில் கடும் போரில் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் குழலும் கோபுரமும் கொரியாவுடையவை அல்ல; கோபுரம் பிரிட்டிஷ் வழி வந்தது. எனவே உக்ரைன் அனுபவத்தைக் காட்டி "கே-9 போரில் தேறிவிட்டது" என்று சொல்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். துருக்கியின் ஃபிர்த்தினா சிரியாவில் சுட்டிருக்கிறது. எதிர்ப்பீரங்கி இல்லாத எதிரிமேல் சுடுவது வேறு வகைச் சோதனை. தினமும் நூற்றுக்கு மேல் சுட்டு மாதக்கணக்கில் நிற்க வேண்டிய போரில் கே-9 குழல் எப்படித் தேயும் என்பதற்குப் பொதுவெளியில் சான்று இல்லை. அப்படிப்பட்ட போரில், தரத்துக்குப் பெயர் போன ஜெர்மன் பான்சர்ஹாபிட்சவே 2022 கோடையில் உக்ரைனில் பழுதுச் செய்திகளைக் காட்டத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 100 குண்டு என்பதையே ஜெர்மன் இராணுவம் மிகத் தீவிரமான பயன்பாடாகக் கருதியிருந்தது.

கே-2 டாங்கி இன்னும் போர்க்களம் காணவில்லை. அதன் சுடு கட்டுப்பாடும், வயிற்றை உயர்த்தித் தாழ்த்தும் சஸ்பென்ஷனும் மேல்தரமானவை. கவசம் எதிரி ஏவுகணையை எப்படித் தாங்கும் என்பது அடி வாங்கும்வரை விளம்பரம்தான். நார்வே தன் பனியில் அதையும் லெப்பர்டையும் சோதித்துவிட்டு 2023-ல் லெப்பர்டைத் தேர்ந்தது. அண்டை நாடுகளிடமும் அதே டாங்கி இருப்பது அந்த முடிவில் பெரிய காரணம் என்பதால், அதை வைத்து கே-2-வைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். விமானத்தில் என் மதிப்பீடு தாழ்வானது. எஃப்.ஏ-50 நல்ல பயிற்சி விமானத்திலிருந்து வளர்ந்த இலகுரகப் போர் விமானம். போலந்துக்கு முதல் 12 சொன்னபடி 2023-ல் வந்தாலும், அவற்றில் மாட்ட ஏற்ற நவீன ஏவுகணைகள் இல்லை என்ற புகார் எழுந்தது. மீதமுள்ள 36 விமானங்களின் மேம்பட்ட வடிவம் தாமதமாவதற்கு, அமெரிக்க ஆயுதங்களை இணைப்பதற்கான அனுமதிகளும் ஒரு காரணம். தரையில் ஓடும் பொருளில் கொரியா கைவரப்பெற்றிருக்கும் அளவுக்கு வானில் இன்னும் வரவில்லை.

இந்தியா வாங்கியதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017-ல் 100 வஜ்ராவுக்கு ஒப்பந்தமானது. போட்டியில் எதிரே நின்றது ரஷ்யாவின் எம்ஸ்டா பீரங்கியின் மாற்று வடிவம். கொரியாவிலிருந்து வந்த முதல் சில பீரங்கிகளுக்குப் பிறகு மற்றவை சூரத் அருகே ஹசீராவில் எல் அண்ட் டி ஆலையில் உருவாகின. நூறாவது பீரங்கி 2021 பிப்ரவரியில், கெடுவுக்கு முன்பே, ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டுப் பாதுகாப்புக் கொள்முதலில் கெடுவுக்கு முன்பே என்ற சொல் எவ்வளவு அரிது என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ராஜஸ்தான், பஞ்சாப் சமவெளிகளுக்கென்று வாங்கியதை அதே ஆண்டு கிழக்கு லடாக்கில் ஏற்றினார்கள். காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும். கடுங்குளிரில் மசகு எண்ணெய் கெட்டியாகும், பேட்டரி வேலை செய்ய மறுக்கும். குளிர்காலச் சாதனங்களைப் பொருத்தி ஓட்டிப் பார்த்த பின்னரே 2024 டிசம்பரில் சுமார் 7,629 கோடி ரூபாய்க்கு இன்னும் 100 வாங்கக் கையெழுத்தானது. ஃபின்லாந்து பழையதை வாங்கியதற்கு அடுத்தபடியாக, ஓட்டிப் பார்த்தவர் மறுபடி வாங்கிய இந்த ஆர்டரைத்தான் நான் தரச்சான்றாக எடுத்துக்கொள்வேன்.

இந்த இரண்டாவது நூறு வரும்போது, சுட்ட கணக்கு ஏறியிருக்கும் முதல் நூறின் குழல்கள் ஒவ்வொன்றாக மாற்று வேளைக்கு வரும். அந்த மாற்றுக் குழல் எங்கே செய்யப்படுகிறது, என்ன விலைக்கு, எத்தனை மாதத்தில் வருகிறது, பழைய குழல் முழு அளவு உந்துமருந்து போட்ட எத்தனை சூட்டுக்குப் பிறகு கழற்றப்பட்டது என்பவை தெரிந்தால், உங்கள் கேள்விக்கு நான் இங்கே எழுதியதைவிட நேரான பதிலைச் சொல்லிவிடலாம்.